முகமூடிக்குள் முதலில் இருந்தவர்

கேள்வி: மங்கா ரசிகர்கள் அபிமானத் தொடரின் வெள்ளோட்டக் கதைகளைத் தேடிப்பிடித்து மறுபடி படிக்கிறார்களே, அதில் என்ன சுவாரஸ்யம்? பழைய இந்திரஜால் காமிக்ஸ் நாயகர்களுக்கும் அப்படி உண்டா?
– ஒரு வாசகர், வடாலா

பதில்: 'ஒன் பீஸ்' தொடராக வரத் தொடங்கியது 1997இல். அதற்கு முந்தைய ஆண்டே எய்ச்சிரோ ஓடா 'ரொமான்ஸ் டான்' என்ற ஒரே தலைப்பில் இரண்டு சிறுகதைகள் வரைந்திருந்தார். ஒன்றில் நாயகன் லூஃபியின் வைக்கோல் தொப்பி தாத்தா கொடுத்தது; தொடரிலோ அது கடற்கொள்ளையர் ஷாங்ஸ் தந்தது. படைத்தவர் எதை வைத்துக்கொண்டார், எதைக் கழித்தார் என்பது தெரிவதால்தான் இந்தத் தேடல்.

இந்திரஜால் நாயகர்களில், தமிழில் மாயாவி, வேதாளர் என்றெல்லாம் அழைக்கப்பட்ட ஃபேண்டமுக்குத் தனி வெள்ளோட்டம் கிடையாது. ஒத்திகை அரங்கேற்றத்திலேயே நடந்தது. 1936 பிப்ரவரி 17இல் தொடங்கிய முதல் கதையில் ஜிம்மி வெல்ஸ் என்ற பணக்கார இளைஞர் வருகிறார். இவரே இரவில் முகமூடி அணிபவர் என்பதுதான் ஃபேண்டமைப் படைத்த லீ ஃபாக்கின் திட்டம். கதை பாதியில் இருக்கும்போதே மனம் மாறி, நாயகனைக் காட்டுக்கு அனுப்பி, தலைமுறை தலைமுறையாய்த் தொடரும் பரம்பரையையும் கொடுத்துவிட்டார். பாவம், ஜிம்மி அம்போவென நின்றார். ஃபாக் மனத்தில் இருந்த உடையும் சாம்பல் நிறமே; 1939இல் செய்தித்தாளின் ஞாயிறு வண்ணப் பக்கம் அதை ஊதாவாக்கியது.

பம்பாயில் டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1964 மார்ச்சில் இந்திரஜாலைத் தொடங்கியபோது பாத்திரம் முழு உருப்பெற்றிருந்தது. இங்கே வேறொரு கழித்தலும் நடந்தது: இந்திய வாசகர் மனம் நோகாதிருக்க, கதை நிகழும் 'பெங்காலி' நாடு 'டெங்காலி' ஆனது, கதையில் வரும் சிங் கொள்ளையர் 'சிங்கா' ஆயினர்.