பார்த்து வாங்கிய காரில் பார்க்க முடியாத கோளாறு

பழைய கார் வாங்கி இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. மேட்டில் ஏறும்போது என்ஜின் சூடாகி ஊசி சிவப்பைத் தொடும். அல்லது மூன்றாவது கியர் விழாது. விற்ற கன்சல்டிங்காரருக்குப் போன் செய்தால் எந்த ஊரிலும் ஒரே பதில்தான்: “பார்த்து, ஓட்டித்தானே சார் வாங்கினீங்க? செகண்ட் ஹேண்ட் வண்டிக்கு வாரன்டி எல்லாம் கிடையாது.” கேட்டவர் மறுபேச்சு பேசாமல் மெக்கானிக்கிடம் போகிறார். அந்தப் பதிலில் கொஞ்சம்தான் உண்மை. எவ்வளவு என்று தெரியாததால்தான் கடன் வாங்கிக் கார் வாங்கிய குடும்பங்கள் இன்னொரு கடனும் வாங்குகின்றன.

நம்பிக்கை: வாரன்டி கார்டு இல்லையென்றால் உரிமையும் இல்லை.

வாரன்டி என்பது விற்பவரோ தயாரிப்பாளரோ தானாக முன்வந்து தரும் வாக்குறுதி. சட்டம் தரும் பாதுகாப்பு அதிலிருந்து தனியானது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குறைபாட்டை வரையறுக்கும்போது பழைய பொருள், புதிய பொருள் என்று பிரித்துப் பேசவில்லை. சட்டமோ ஒப்பந்தமோ கேட்கும் தரம் இல்லாவிட்டால் குறைபாடு என்கிறது. அதோடு, வியாபாரி எந்த வகையில் சொல்லியிருந்தாலும் சரி, சொன்ன தரம் இல்லாவிட்டால் அதுவும் குறைபாடே என்கிறது. விளம்பரத்தில் ‘விபத்தில் சிக்காத வண்டி’ என்று போட்டது, வாட்ஸ்அப்பில் ‘ஒரே ஓனர், 42,000 கிலோமீட்டர்’ என்று அனுப்பியது, வீடியோவில் ‘என்ஜின் கம்பெனி கண்டிஷன்’ என்று பேசியது எல்லாம் இதில் வரும். பழைய கார் வாங்குகிறவருக்கு வாரன்டி கார்டைவிடப் பெரிய ஆயுதம், விற்றவர் தன் வாயால் சொன்னதுதான். அது அழியாமல் இருக்க வேண்டும், அவ்வளவே.

தேய்மானம் வேறு என்பதையும் மனதில் வைக்க வேண்டும். எட்டு வருடம் ஓடிய காரில் கிளட்ச் பிளேட் தேய்வதும், பேட்டரி இறங்குவதும், டயர் வழுக்கையாவதும் வயதுக்கு உரியவை. இவற்றுக்காக நுகர்வோர் ஆணையத்தின் படி ஏறினால் வழக்கு நிற்காது.

நம்பிக்கை: ஓட்டிப் பார்த்து வாங்கினால் பிறகு கேள்வி கேட்க முடியாது.

வாங்குபவர்தான் விழிப்பாக இருக்க வேண்டும் என்பது 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் அடிப்படை, உண்மைதான். ஆனால் அதே சட்டத்தின் 16ஆம் பிரிவு விதிவிலக்குகளையும் சொல்கிறது. அந்த வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம், அவர் தந்த விவரத்தை நம்பி வாங்கினால், பொருள் விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். வாங்கியவர் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு மட்டும்தான் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

தெருவைச் சுற்றிப் பத்து நிமிடம் ஓட்டினால் எது தெரியும்? பிரேக் இழுப்பது தெரியும், ஸ்டியரிங் ஆட்டம் தெரியும், ஏ.சி. குளிர்கிறதா என்பது தெரியும். ரேடியேட்டரில் பசை ஊற்றி அடைத்த ஹெட் கேஸ்கெட் கசிவு தெரியாது. ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரியாதபடி வயரை வெட்டிவிட்டது தெரியாது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் தண்ணீருக்குள் நின்றன. மூழ்கிய காரை உள்ளே கழுவி, சீட் துணி மாற்றி நிறுத்தினால் புதிதுபோல இருக்கும்; வயர் இணைப்புகளில் பச்சை பூத்து மின்சாரக் கோளாறு தொடங்கப் பல மாதம் ஆகலாம். இதையெல்லாம் ‘பார்த்துத்தானே வாங்கினீங்க’ என்ற ஒரு வரியில் தள்ளிவிடுவது அநியாயம், சட்டப்படியும் சரியல்ல.

நம்பிக்கை: ‘உள்ளது உள்ளபடி’ என்று கையெழுத்துப் போட்டால் கதை முடிந்தது.

டெலிவரி நோட்டில் அச்சடித்தே வைத்திருப்பார்கள்: வண்டியின் தற்போதைய நிலையில் முழுத் திருப்தி, பின்னால் எந்தப் புகாரும் செய்யமாட்டேன். சாவி கைக்கு வரும் மகிழ்ச்சியில் யாரும் படிப்பதில்லை. இந்தக் கையெழுத்துக்கு மதிப்பே இல்லை என்று சொல்லமாட்டேன். சட்டம் தானாகத் தரும் தர நிபந்தனைகளை இரு தரப்பும் பேசி விலக்கிக்கொள்ள 1930ஆம் ஆண்டுச் சட்டமே இடம் தருகிறது. ஆனால் மோசடியை மூட அந்தக் காகிதத்துக்குச் சக்தி இல்லை.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17ஆம் பிரிவு. தெரிந்த உண்மையைத் திட்டமிட்டு மறைப்பது மோசடி என்று அது சொல்கிறது. மீட்டரைத் திருப்பிக் கிலோமீட்டரைக் குறைப்பது இதற்கு நேரடி உதாரணம். சும்மா பேசாமல் இருப்பது மட்டும் பொதுவாக மோசடி ஆகாது. இந்த இடத்தில் சட்டம் ஒரு குதிரை வியாபாரத்தை எடுத்துக்காட்டாகத் தருகிறது. நோயுள்ள குதிரை என்று தெரிந்தே ஒருவர் அதை ஏலத்தில் விற்கிறார், வாய் திறக்கவில்லை. அது மோசடி இல்லை. ஆனால் வாங்குபவர் முன்கூட்டியே, ‘நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நலமாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்’ என்று சொல்லி, அதற்கும் விற்பவர் மௌனமாக இருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்.

குதிரை போய்க் கார் வந்த பிறகும் இந்த விதி அப்படியே உயிரோடு இருக்கிறது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்: “வண்டி பெரிய விபத்திலோ வெள்ளத்திலோ சிக்கியதில்லை, மீட்டரில் உள்ள கிலோமீட்டர் உண்மையானது, என்ஜினும் கியர்பாக்ஸும் பிரிக்கப்படவில்லை என்று நம்பிப் பணம் தருகிறேன். இதில் ஏதாவது தவறென்றால் இப்போதே சொல்லுங்கள்.” நேர்மையான வியாபாரி ‘ஓகே சார்’ என்பார். பதில் சொல்லாமல் பணத்தை மட்டும் வாங்கிக்கொள்பவர் நாளை “நான் எதுவும் சொல்லவில்லையே” என்று எளிதில் தப்ப முடியாது. பழைய கார் வாங்குகிற யாருக்கும் நான் தரும் முதல் யோசனை இதுதான்.

நம்பிக்கை: ஒரு மாதத்துக்குள் காரைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கலாம்.

யூடியூபில் பார்த்திருப்பீர்கள். அது பிரிட்டன் சட்டம். 2015ஆம் ஆண்டின் அந்த நாட்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வியாபாரியிடம் வாங்கிய கார் குறைபாடுள்ளது என்றால் 30 நாளுக்குள் நிராகரிக்கலாம். ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை, விற்கும்போதே இருந்ததாகப் பொதுவாகக் கருதப்படும். இந்தியாவில் அப்படி ஒரு கெடுவோ அனுமானமோ இல்லை. இங்கே குறை முன்பே இருந்தது என்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்தான். சில பெரிய நிறுவனங்கள் சில நாள் திருப்பிக் கொடுக்கும் வசதி தருகின்றன. அது அவர்களின் ஒப்பந்தம். கிலோமீட்டர் வரம்பு உட்பட நிபந்தனைகளைப் படித்துக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை: கம்பெனி வாரன்டி முதல் ஓனரோடு போய்விடும்.

பொதுவாகப் போகாது. மிச்சமிருக்கும் காலத்துக்கு அது வண்டியோடு வரும். ஆனால் காலக்கணக்கு கார் முதன்முதலில் விற்ற தேதியிலிருந்து ஓடும், நீங்கள் வாங்கிய தேதியிலிருந்து அல்ல. சர்வீஸ் தவறியிருந்தாலோ வெளி ஆட்களை வைத்து மாற்றங்கள் செய்திருந்தாலோ மறுப்பார்கள். நீட்டிப்பு வாரன்டியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

நம்பிக்கை: யாரிடம் வாங்கினாலும் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.

தன் சொந்தக் காரை விற்கும் ஒரு தனிநபர் வியாபாரி அல்ல. அவர் ஏமாற்றினால் வழி சிவில் நீதிமன்றம். தொடக்கத்திலேயே ஏமாற்றும் நோக்கம் இருந்ததென்றால் போலீஸ் புகார். ‘நான் வெறும் புரோக்கர்’ என்று கன்சல்டிங்காரர் ஒதுங்கும்போது கவனம் வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, பதிவான வண்டிகளை வாங்கி விற்பவர் போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். உரிமையாளர் வண்டியை அவரிடம் ஒப்படைத்ததை முறைப்படி தெரிவித்துவிட்டால், சட்டத்தின் பார்வையில் அவரே அதன் உரிமையாளர். அந்தச் சான்றைக் கேளுங்கள். பில்லும் கேளுங்கள். இரண்டும் இல்லாத இடத்தில் குறைந்த விலை என்பது உங்களுக்குக் கிடைத்த லாபம் இல்லை.

டாக்ஸி ஓட்டுபவர்கள் தாங்கள் நுகர்வோர் இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். சுயதொழிலாக, பிழைப்புக்காக மட்டுமே வாங்கி ஓட்டுபவர் நுகர்வோர்தான்.

நம்பிக்கை: முதலில் சரிசெய்துவிட்டு, பில்லைக் காட்டிப் பணம் கேட்கலாம்.

வழக்குகள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். என்ஜினைப் பிரித்து, பழைய பாகத்தைக் குப்பையில் போட்ட பிறகு எதைக் காட்டுவீர்கள்? கோளாறு தெரிந்ததும் ஓட்டுவதை நிறுத்துங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்டு, என்ன கோளாறு, எவ்வளவு காலமாக இருந்திருக்கும் என்று ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். அந்த வண்டி முன்பு அங்கே சர்வீசுக்கு வந்தபோது பதிவான கிலோமீட்டர்களையும் கேளுங்கள். மூன்று வருடத்துக்கு முன்பே 90,000 என்று பதிவாகியிருந்தால், உங்கள் மீட்டரில் இருக்கும் 42,000 தானே சாட்சி சொல்லும். பிறகு விற்றவருக்கு ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு கடிதம்: குறை என்ன, அவர் சொன்னது என்ன, எத்தனை நாளுக்குள் என்ன செய்ய வேண்டும். அவர் வந்து பார்க்க வாய்ப்புக் கொடுங்கள். ஆய்வில்லாமல் குறையை முடிவு செய்ய முடியாதபோது ஆணையமே வண்டியைச் சோதனைக்கு அனுப்ப முடியும்.

நம்பிக்கை: கேஸ் போட்டால் வண்டி விலையைவிடச் செலவாகும்.

கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே கிடையாது. 10 லட்சம் வரை 200 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை. சேலத்தில் குடியிருப்பவர் கோவையில் வாங்கிய காருக்குச் சேலத்திலேயே புகார் கொடுக்கலாம், ஆன்லைனிலும் பதியலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்து பாருங்கள், சில வியாபாரிகள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருவார்கள். புகார் கொடுக்கக் காலவரம்பு இரண்டு ஆண்டு. ‘அடுத்த மாசம் பார்க்கலாம் சார்’ என்று இழுத்தடிக்கும் பேச்சால் அந்தக் கணக்கு நின்றுவிடாது.