தாளாளர் நாற்காலியும் பக்கத்துத் தெருவும்

சபை எப்படி இருக்கிறது என்று கேட்டால் ஞாயிறு ஆராதனைக்கு எத்தனை பேர் வந்தார்கள், பண்டிகைக் காணிக்கை எவ்வளவு சேர்ந்தது என்ற இரண்டு கணக்கைத்தான் காட்டுகிறோம். தென்மாவட்டச் சேகரங்களின் காரியங்களை உள்ளிருந்து பார்த்து வந்தவன் என்ற முறையில் இந்தக் கணக்கை நான் நம்புவதில்லை. அசனம் என்னும் சபை விருந்துக்கு இடம் கொள்ளாத கூட்டம் சேரும் அதே சபை, திருமண்டலத் தேர்தல் வந்ததும் இரண்டு அணியாகி, எதிரே வருபவருக்கு ஸ்தோத்திரம்கூடச் சொல்லாமல் போகிறது. இதற்கு மருந்தென்று எழுப்புதல் கூட்டம் போடுகிறோம். மூன்று நாள் கண்ணீர், நாலாம் நாள் பழைய அணிகள். அக்கம்பக்கத்துக்கு ஒரு வேலையைச் சபையார் தங்கள் கையாலேயே செய்யத் தொடங்கும்போதுதான் உள்ளே ஏதாவது அசைகிறது என்பது நான் கண்டவரை உண்மை.

‘நாம் செய்யாத சேவையா, பள்ளி இல்லையா, ஆஸ்பத்திரி இல்லையா?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக நாசரேத்தில் மர்காஷிஸ் ஐயர் தொழிற்பள்ளி தொடங்கினார். இடையன்குடியில் கால்டுவெல்லின் மனைவி எலைசா பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். பாளையங்கோட்டையில் பார்வையற்ற பிள்ளைகளுக்கும் காதுகேளாத பிள்ளைகளுக்கும் பள்ளிகள் வந்தன. எல்லாமே அந்தந்த ஊரில் அன்று இல்லாத ஒன்றைப் பார்த்துத் தொடங்கிய வேலைகள். பிறகு வளர்ந்தன, அரசு மானியம் வந்தது, ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்க, நியமனம் செய்யும் உரிமை மட்டும் சபையிடம் நின்றது. அந்த உரிமை கையிலிருக்கும் தாளாளர் நாற்காலிக்கு விலை ஏறியது அதனால்தான். பக்கத்து வீட்டுக்காரனுக்குச் செய்ய வேண்டியதை நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்று சபையார் வீட்டுக்குப் போனார்கள். வீட்டுக்குப் போகாதவர்கள் தேர்தலுக்குப் போனார்கள். இதற்கு மாறான சாட்சியும் நம்மிடமே உண்டு. 1903இல் பாளையங்கோட்டையில் அசரியாவும் மற்றவர்களும் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம், தமிழ்ச் சபையாரின் காணிக்கையைக் கொண்டே தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பியது. அது அக்கம்பக்கத்துச் சேவை அல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வேலை தங்களுடையது என்ற எண்ணம் சாதாரண சபையாரை என்ன செய்ய வைக்கும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் இந்த வட்டாரத்தில் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது: கட்டடம் வேண்டாம், பலகை வேண்டாம், பொருளாளர் பதவிகூட ஓராண்டுக்கு மேல் ஒருவரிடம் வேண்டாம். என்ன செய்யலாம் என்று கமிட்டியில் விவாதிக்காமல் அங்கன்வாடி ஊழியரிடமும் கிராமச் செவிலியரிடமும் கேளுங்கள். வாரம் இரண்டு மூன்று முறை டயாலிசிஸுக்குப் போக வண்டியும் துணையும் இல்லாதவர் இருப்பார். முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதத் தெரியாமல் அலைகிறவர் இருப்பார். அந்த மனுவை எழுதித்தர, தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் பெரும்பாலான சபைகளில் ஒருவராவது இருப்பார். குடியை விட நினைப்பவர்கள் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழு வெளியார் நன்கொடையை ஏற்பதில்லை. அதற்குத் தேவை ஒரு அறையும் சாவியும்தான். மேடையும் மைக்கும் இல்லாத வேலையாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது முக்கியம். தேர்தலில் தோற்றவரும் ஜெயித்தவரும் ஒரே நோயாளியை ஒரே ஆட்டோவில் கூட்டிப்போக நேர்ந்தால், வழியில் பேசித்தான் ஆக வேண்டும்.

ஆத்தும ஆதாயம் என்னவாகும் என்று சபைக்குள்ளும், இது மதம் மாற்றும் வழி என்று வெளியிலும் சொல்வார்கள். இரண்டுக்கும் பதில் அந்தத் தாது வருஷப் பஞ்ச காலத்திலேயே இருக்கிறது. அப்போது திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் சபைக்கு வந்தார்கள். பஞ்சம் தீர்ந்ததும் ஒரு பகுதியினர் திரும்பிப் போனார்கள். சோற்றுக்காக வந்தவர்கள் என்ற ஏச்சு, உண்மையாக வந்தவர்கள் மேலும் விழுந்தது. மாத்திரையோடு துண்டுப்பிரதியைச் சேர்த்துக் கொடுத்தால் இரண்டுமே கெடும். கேட்டவருக்கு ஜெபிக்கலாம், கேளாதவருக்கு வேலையை மட்டும் செய்யலாம்.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஒன்று உண்டு, அதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. கல்லறைத் தோட்டத்தைக்கூடச் சாதிவாரியாகப் பிரித்து வைத்திருக்கும் சபைகள் நம்மிடம் உண்டு. அப்படிப்பட்ட சபை தலித் தெருவுக்கு அரிசி மூட்டை அனுப்புவதால் புதுப்பிக்கப்படாது. பழைய ஆண்டைத்தனம் புதுச் சட்டை போட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். அந்தத் தெருவிலிருந்து இரண்டு பேராவது திட்டம் போடும் இடத்தில் உட்கார வேண்டும். வரவு செலவை அந்தத் தெருவிலேயே வாசிக்க வேண்டும். அசனத்துக்கு அவர்கள் வீட்டு அரிசியும் காய்கறியும் வர வேண்டும், சமையலில் அவர்கள் கையும் இருக்க வேண்டும். இதற்குச் சபையில் முணுமுணுப்பு எழும். அதைப் பேசித் தீர்க்காமல் அடுத்த ஆண்டுத் திட்டத்துக்குப் போக வேண்டாம்.