தண்ணி வந்தாச்சு, பிள்ளைகளுக்கு இதையும் சொல்லிக் கொடுங்க!

ஜூன் 12 மேட்டூரைத் திறந்தால் மூணு நாலு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்துவிடும். பள்ளிக்கூடமும் அப்போதுதான் திறந்திருக்கும், நாற்றங்கால் வேலையும் நெருக்கும். பிள்ளைகளை உட்கார வைத்து உபதேசம் பண்ண நமக்கு நேரமில்லை, கேட்க அவங்களுக்குப் பொறுமையில்லை. அதனால் தோழிகளே, வேலையோடு வேலையாகச் சொல்லித் தரக்கூடியதாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கேன். காசு செலவு அநேகமாகக் கிடையாது.

1. ஆற்றைப் பிள்ளைகளுக்குக் காட்ட நல்ல நேரம், அது காய்ந்து கிடக்கும் மே மாதம். படித்துறையின் கடைசிப் படி எங்கே முடிகிறது, மணல் அள்ளின குழி எங்கே இருக்கிறது, மதகுக்குக் கீழே தரை எவ்வளவு அரித்திருக்கிறது என்று நடந்தே பார்க்க வையுங்க. மேலே நின்றபடி குழிக்குள் ஒரு மூங்கில் கழியை விட்டு அளந்து, அதே கழியைப் பிள்ளை பக்கத்தில் நிறுத்திக் காட்டினால் வேறு பேச்சே வேண்டாம். வெள்ளம் போனால் குழி இடம் மாறும், அதனால் இது வருஷா வருஷம் செய்கிற வேலை.

2. கொள்ளிடத்தில் கணுக்கால் தண்ணீர்தானே என்று பந்து விளையாடப் போவாங்க. முக்கொம்பில் உபரித் தண்ணீரைத் திறந்தால், நம்ம ஊரில் ஒரு தூறல்கூட இல்லாத நாளிலும் ஆறு ஏறிவிடும். ஆட்டோவில் மைக் கட்டி எச்சரிக்கை சொன்னால், அன்றைக்கு ஆற்றுப் பக்கம் விளையாட்டே கிடையாது என்று வீட்டுச் சட்டம் போடுங்க.

3. காலியான 5 லிட்டர் எண்ணெய் கேனை மூடி இறுக்கி, நீளமான நைலான் கயிறு கட்டிப் படித்துறைப் பக்கத்து மரத்தில் தொங்க விடுங்க. யாராவது தத்தளித்தால் குதிக்காமல் இதை எறியணும். கொல்லையில் ஒரு வாளியைக் குறி வைத்து எறிந்து பழகச் சொன்னால் விளையாட்டாகவே கற்றுக்கொள்வாங்க. கேன் இல்லையா, புடவையோ வாழைமரத் துண்டோ போதும். நீச்சல் தெரிந்த பிள்ளைக்குத்தான் இதை அழுத்திச் சொல்லணும், குதிக்கிறது அவன்தான்.

4. முழுகுகிறவர் சினிமாவில் வருவதுபோல் கையை ஆட்டிக் கத்துவதில்லை, பெரும்பாலும் சத்தமே வராது. 'கூட வந்தவன் திடீர்னு பேசாமல் போனால் திரும்பிப் பார்' என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்க.

5. கரையேற்றினவரைத் தோளில் போட்டுச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் இன்னமும் நம்ம பக்கம் நடக்கிறது, அது வேண்டாம். மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சின் நடுவில் அழுத்திக்கொண்டே 108-க்குச் சொல்லணும். பள்ளியில் என்.சி.சி., சாரணர் முகாமில் கற்ற பிள்ளை இருந்தால், ஒரு தலையணையை வைத்து வீட்டில் எல்லாருக்கும் செய்து காட்டச் சொல்லுங்க.

6. ஆடிப்பெருக்கு அன்று காப்பரிசி, மஞ்சள் கயிறு என்று பெரியவங்க எல்லாருக்கும் கை நிறைய வேலை, பிள்ளைகளை யார் பார்ப்பது? பூஜையில் எந்த வேலையும் இல்லாமல் பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருக்க மட்டும் ஒரு ஆளை முன்கூட்டியே பேசி வையுங்க. சித்தப்பாக்களுக்கு ஏற்ற வேலை!

7. கொசுவலை கொசுவுக்கு மட்டும் இல்லை. கட்டுவிரியன் ராத்திரியில் வீட்டுக்குள் வந்து, தரையில் படுத்திருப்பவங்களைக் கடிக்கும். கடித்தது தெரியாமலே விடிகாலையில் வயிறு வலி, இமை சொக்கல் என்று ஆரம்பிக்கும். வலையின் நாலு ஓரத்தையும் பாய்க்கு அடியில் செருகும் வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்க.

8. பாம்பு கடித்தால் கட்டக்கூடாது, கீறக்கூடாது, வாய் வைத்து உறிஞ்சக்கூடாது, பாம்பைத் தேடிப் போகக்கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து நேரே அரசு மருத்துவமனைக்குப் போகணும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான், அங்கே இலவசமாகவே போடுவாங்க. மந்திரிக்கப் போகிற நேரத்தில்தான் உயிர் போகிறது.

9. வைக்கோல் போரில் கை விடும் முன் கம்பால் தட்டணும், இருட்டில் வரப்பில் போனால் டார்ச் வேணும். டார்ச்சை ஆணியில் மாட்டி வையுங்க, தேடுகிற நிலைமை வந்தால் யாரும் எடுக்கமாட்டாங்க.

10. காலில் காயத்தோடு சேற்றில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம், வெறும் சேற்றுப்புண் என்று விட முடியாது. வயலில் இருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கைத் துடைக்கப் பழக்குங்க. காயத்தில் ரணஜன்னி வராமலிருக்க 10 வயதிலும் 16 வயதிலும் போடும் டி.டி. தடுப்பூசி விடுபட்டிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

11. பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை ஜன்னல் வழியாக எறிகிற பிள்ளைகள் உண்டு. வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டினதால்தான் பாதிப் பேர் பயப்படுறாங்க. சாப்பிட்ட பிறகு போட்டு, கூடவே ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ கொடுத்தால் சத்து நன்றாக ஒட்டும். டீ மட்டும் ஒரு மணி நேரம் தள்ளி. மலம் கறுத்துப் போகும் என்பதை முன்னாலேயே சொல்லிவிடுங்க.

12. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தரும் குடற்புழு மாத்திரையை முழுங்காமல் சப்பித் தின்னணும். 19 வயது வரைக்கும் உண்டு, காலேஜ் போகும் பெண்ணையும் விட்டுடாதீங்க.

13. காலை உணவுத் திட்டத்தை 2023 ஆகஸ்டில் நம்ம திருக்குவளையில்தான் மாநிலம் முழுக்க விரிவாக்கினாங்க. ஐந்தாம் வகுப்பைத் தாண்டின பிள்ளைகளுக்கு அது இல்லை, ஆனால் ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது அவங்கதான். பழைய சோற்றைத் தயிர் விட்டுப் பிசைந்து டம்ளரில் கொடுத்தால் நின்றபடியே குடிச்சிட்டு ஓடிடுவாங்க. மாதவிடாய் நாளில் சோர்ந்து விழும் பெண்ணுக்கு இது கட்டாயம்.

14. நாப்கினுக்கு மாசாமாசம் செலவழிக்க முடியாதவங்க, 2012-ல் தொடங்கின புதுயுகம் திட்டத்தைக் கேளுங்க. 10 முதல் 19 வயது வரையுள்ள பெண்களுக்கு இரண்டு மாசத்துக்கு மூணு பாக்கெட், பள்ளியிலோ கிராம சுகாதார செவிலியரிடமோ கிடைக்கும். துணி வைப்பவங்க அதை மூலையில் மறைத்துக் காயப் போடாமல், நல்ல வெயிலில் காயப் போடுங்க. அண்ணன் தம்பி கண்ணில் பட்டால் என்ன? அவனுக்கும் விஷயம் தெரியட்டும்.

15. தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை வீட்டில் இருக்கும்தானே? பொம்மை எதுக்கும் தலையாட்டும், நீ ஆட்டணும்னு இல்லை என்று சொல்லி, மாமா கன்னத்தைக் கிள்ள வந்தாலும் தாத்தா முத்தம் கேட்டாலும் பிடிக்காவிட்டால் 'வேண்டாம்' சொல்லப் பழக்குங்க. வீட்டுக்குள் அப்படிச் சொல்லி அதட்டு வாங்கின பிள்ளை, வெளியே ஒருத்தன் தொட்டாலும் வாயைத் திறக்காது. உறவுக்காரங்க முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

16. 'அம்மாகிட்ட சொல்லாதே' என்று யார் சொன்னாலும் அதை அம்மாகிட்டதான் முதலில் சொல்லணும். பிள்ளைக்கு இந்த ஒரு விதி மனப்பாடமாகட்டும். பையன்களுக்கும்.

17. ஸ்டேஷனுக்கு இழுப்பாங்க, ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்றுதான் நாம் மூடி மறைக்கிறோம். 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே வாங்கலாம், கூடிய வரைக்கும் பெண் அதிகாரிதான் வரணும், சீருடை போடக்கூடாது. பிள்ளையின் பெயரையோ படத்தையோ பேப்பரில் போட்டால் குற்றம். இதைப் பக்கத்து வீட்டம்மாவுக்கும் சொல்லி வையுங்க. 1098-க்கு ராத்திரி பகல் எப்போதும் இலவசமாகப் பேசலாம், பிள்ளையே கூப்பிடலாம்.

18. அம்மா, அப்பா செல் நம்பரை வாய்ப்பாடு ராகத்தில் பாட வைத்தால் நாலு வயதுக் குழந்தைக்கும் தங்கிவிடும். வேளாங்கண்ணி, புன்னைநல்லூர் என்று கூட்டத்துக்குப் போனால் முன்கையில் பேனாவால் எழுதி, மேலே நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு தடவு தடவுங்க. வியர்வையில் சீக்கிரம் அழியாது.

19. 2004 ஜூலை 16, கும்பகோணம் காசிராமன் தெரு. பள்ளிச் சமையல் கூடத்துக் கூரையில் பிடித்த தீ வகுப்பறைக் கீற்றுக்கு ஏறி 94 பிள்ளைகளைக் கொண்டு போனது. உங்க பிள்ளையிடம் இன்றைக்கே கேளுங்க: வகுப்பிலிருந்து வெளியே வர எத்தனை வழி, எந்தக் கதவு பூட்டியிருக்கிறது? பதில் தெரியாவிட்டால் அடுத்த பெற்றோர் கூட்டத்தில் நீங்க கேளுங்க. புகை சூழ்ந்தால் தவழ்ந்து வரணும், உடையில் பிடித்தால் ஓடாமல் தரையில் புரளணும் என்பதைப் பாயில் செய்து பார்க்கச் சொல்லுங்க.

20. தேர், சப்பரம் இழுக்கும் பிள்ளைகளுக்கு முதலில் தலைக்கு மேலே போகும் கம்பியைக் காட்டுங்க. தஞ்சாவூர் பக்கத்துக் களிமேட்டில் 2022 ஏப்ரலில் தேர் மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தாங்க. அறுந்து கிடக்கும் கம்பியைக் கம்பால்கூடத் தள்ளக்கூடாது, 94987 94987 மின்னகத்துக்குச் சொன்னால் போதும்.

21. அறுப்புக் காலத்தில் ரோட்டிலேயே நெல்லைக் காயவைத்துத் தார்ப்பாயால் மூடி, சுற்றிக் கல் வைத்துவிடுகிறோம். டியூஷன் முடிந்து சைக்கிளில் வரும் பிள்ளைக்கு அந்தக் கறுப்புத் தார்ப்பாய் இருட்டில் தெரியாது. பழைய சி.டி.யைச் சைக்கிளுக்குப் பின்னால் கட்டுங்க, நெல் குவியலின் நாலு மூலையிலும் ஒவ்வொன்று நடுங்க. குவிப்பவங்களும் நாம்தானே.

22. பதினெட்டு ஆகாத பையனிடம் மொபெட் சாவியைக் கொடுத்து வயலுக்கு உர மூட்டை எடுத்துவரச் சொன்னால், அபராதம் 25,000 ரூபாய், பெற்றவங்களுக்கு மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், அவனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் இல்லை. உர மூட்டையைச் சைக்கிளில் தள்ளி வருவது மலிவு.

23. தாத்தா வெற்றிலையோடு புகையிலை போடுவதைப் பார்த்து வளரும் ஊர் நம்முடையது, அதனால் பிள்ளைக்கு அது பெரிய தப்பாகவே தெரியாது. இப்போது உதட்டுக்குள் அடக்குகிற சின்னப் பொட்டலமாக வருகிறது, சட்டைப் பாக்கெட்டைத் துவைக்கும் முன் முகர்ந்து பாருங்க. பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்பது சட்டப்படி குற்றம்.

24. செல்போனுக்கு ராத்திரி படுக்கை கூடத்து அலமாரியில்தான், பெரியவங்க போனும் சேர்த்து. எழுந்திருக்க அலாரம் வேணும் என்று சாக்குச் சொன்னால் பழைய டைம்பீஸைத் துடைத்துக் கொடுங்க. யாராவது போட்டோ கேட்டு மிரட்டினால் அழிக்காமல் அப்படியே நம்மிடம் காட்டணும், திட்டமாட்டோம் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுங்க. ஏமாந்து பணம் போனால் உடனே 1930-க்குக் கூப்பிடுங்க.

25. ரிசல்ட் நாளில் சொந்தக்காரங்க போனை எல்லாம் நீங்களே எடுங்க, மார்க்கைப் பிள்ளை சொல்ல வேண்டாம். தவறின பாடத்துக்கு அதே வருஷம் துணைத்தேர்வு இருக்கிறது என்பதை ரிசல்ட்டுக்கு முன்னாலேயே பேச்சுவாக்கில் போட்டு வையுங்க. சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் இருந்தால் 14416-க்கோ 104-க்கோ கூப்பிட்டுத் தமிழிலேயே பேசலாம். பூச்சிமருந்தும் எலிமருந்தும் எந்த நாளிலும் பூட்டில்தான் இருக்கணும், சாவி உங்க இடுப்பில்.

26. ஞாயிறு காலையில் கடைக்குட்டிக்கு 'கொசு இன்ஸ்பெக்டர்' பதவி கொடுங்க. டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் போல ஆகும், வாரம் ஒருதரம் தொட்டி, டயர், சிரட்டை, ஃப்ரிட்ஜ் பின்தட்டு எல்லாம் கவிழ்த்துவிட்டால் முடிந்தது. புழு கண்டுபிடித்தால் ஒரு கடலை மிட்டாய்.

27. வயிற்றுப்போக்குக்கு ஒரு லிட்டர் காய்ச்சி ஆறின தண்ணீர், தலைதட்டின 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பாட்டிலில் ஒரு லிட்டர் கோட்டைப் பெயிண்டால் போட்டு, அந்த ஸ்பூனையும் அதிலேயே கட்டி வைத்தால், நாம் வயலில் இருந்தாலும் பிள்ளையே கலந்து தம்பிக்குக் கொடுத்துவிடும்.

28. கண்ணைச் சோதிக்கத் தினசரி காலண்டரே போதும். கூடத்தின் எதிர்ச் சுவரில் நிற்க வைத்து, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு தேதிக்குக் கீழே இருக்கும் கிழமையைப் படிக்கச் சொல்லுங்க, பிறகு அடுத்த கண். அண்ணன் படிப்பது தங்கைக்குத் தெரியவில்லை என்றால், பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் பெயர் கொடுத்துக் கண்ணைப் பரிசோதிக்கச் சொல்லுங்க.