போன்ல நேரா இருக்கு, கம்ப்யூட்டர்ல படுத்துக்கிடுது: ஃபோட்டோ ஏன் திரும்புது?



ஆன்லைன்ல செமஸ்டர் எழுதின காலத்துல நடந்தது இது. எங்க சீனியர் அண்ணா ஒருத்தர் 22 பக்கம் எழுதி, பக்கம் பக்கமா ஃபோட்டோ எடுத்து, ஒரு ஆப்ல போட்டு பிடிஎஃப் ஆக்கி, நேரம் முடிய அஞ்சு நிமிஷம் இருக்கும்போது ஏத்திட்டாரு. மறுநாள் மேடம் போன் பண்ணினாங்க. "என்னப்பா இது, 22 பக்கமும் படுத்துக்கிடக்கு. கழுத்தைச் சாய்ச்சே திருத்தணுமா?"

"இல்ல மேடம், என் போன்ல எல்லாம் நேராதான் இருக்கு."

மேடம் சொன்னதும் உண்மை, அண்ணா சொன்னதும் உண்மை. நல்லவேளை, சாயந்திரத்துக்குள்ள திருப்பி அனுப்பச் சொல்லிட்டாங்க. வேற யாராவதா இருந்தா மார்க் போயிருக்கும். ஒரே ஃபோட்டோ ஒரு இடத்தில் நேராகவும் இன்னொரு இடத்தில் படுத்தும் எப்படி இருக்க முடியும்? இந்தப் பாடத்தில் அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

முதலில் ஒரு சின்ன சோதனை

ஒரு வெள்ளைத்தாளில் பெரிதாக 'த' என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். 'ப' எழுத வேண்டாம். அதைக் கண்ணாடியில் பார்த்தாலும் 'ப' மாதிரியேதான் இருக்கும், இடம் வலம் மாறினது தெரியாது. 'த' அப்படியில்லை, எந்தப் பக்கம் திருப்பினாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது பின்பக்கக் கேமராவில் நான்கு படம் எடுங்கள். ஒன்று, போனை வழக்கம்போல நிமிர்த்திப் பிடித்து. இரண்டு, போனின் தலை இடதுபக்கம் வரும்படி படுக்க வைத்து. மூன்று, தலை வலதுபக்கம். நான்கு, போனைத் தலைகீழாகப் பிடித்து. கேலரியில் பார்த்தால் நான்கிலும் 'த' நேராகவே நிற்கும். ஆனால் பல போன்களில் கோப்புக்குள் இருக்கும் படங்கள் நான்கும் ஒன்றுபோல் இருக்காது. ஒன்று மட்டும்தான் உண்மையிலேயே நேராகச் சேமிக்கப்பட்டிருக்கும். மற்ற மூன்றும் படுத்தோ தலைகீழாகவோ கிடக்கும். கேலரி நம்ம கண்ணுக்காகத் திருப்பிக் காட்டுது, அவ்வளவுதான்.

சென்சார் திரும்பாது, குறிப்பு மட்டும் மாறும்

கேமரா சென்சார் ஒரு செவ்வகம். அதன் நீளமான பக்கம் பெரும்பாலும் போனின் நீளமான பக்கத்துக்கு இணையாகப் பொருத்தப்பட்டிருக்கும். நீங்கள் போனை எப்படிப் பிடித்தாலும் சென்சார் அதே வரிசையில்தான் பிக்சல்களை வாசித்துக் கொடுக்கும். அதற்கு மேலும் கீழும் தெரியாது.

4000 × 3000 பிக்சல் படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிக்சலுக்கு 3 பைட் என்றால் சுருக்குவதற்கு முன் அது 36 மெகாபைட். ஒவ்வொரு ஃபோட்டோவுக்கும் இவ்வளவையும் நினைவகத்தில் இடம் மாற்றி அடுக்குவது வேலை. அதைவிடச் சுலபமான வழி: பிக்சலை வந்தபடியே சேமித்துவிட்டு, "காட்டும்போது இப்படித் திருப்பிக் காட்டு" என்று ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதிவிடுவது.

அந்தக் குறிப்பு எழுதும் இடத்துக்குப் பெயர் எக்ஸிஃப். ஜப்பானின் ஜெய்டா அமைப்பு 1995-ல் இந்தத் தரத்தை வெளியிட்டது. எடுத்த தேதி, போன் மாடல், ஷட்டர் வேகம், ஜிபிஎஸ் இடம் எல்லாம் ஜேபெக் கோப்பின் தொடக்கத்திலேயே இதில் உட்கார்ந்திருக்கும். திசைக்கான குறிச்சொல்லின் எண் 274, பதினாறடிமானத்தில் 0112. இது எக்ஸிஃபுக்கே புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. 1992-ல் வந்த டிஃப் 6.0 வடிவத்திலேயே இருந்தது. எக்ஸிஃப் அதை அப்படியே எடுத்துக்கொண்டது.

1 முதல் 8 வரை

இந்தக் குறிச்சொல்லுக்கு எட்டு மதிப்புகள் மட்டுமே உண்டு. நாம் அதிகம் பார்ப்பது நான்கு:

1 – அப்படியே காட்டு.
3 – 180 டிகிரி திருப்பு.
6 – வலஞ்சுழியாக 90 டிகிரி திருப்பு.
8 – இடஞ்சுழியாக 90 டிகிரி திருப்பு.

மீதி நான்கும் (2, 4, 5, 7) கண்ணாடிப் பிம்பம் சேர்ந்தவை. 2 என்றால் இடவலம் மட்டும் மாற்றம். 4 என்றால் மேல்கீழ் மாற்றம். 5-லும் 7-லும் கண்ணாடி மாற்றத்தோடு 90 டிகிரி திருப்பமும் சேரும்.

மேலே எடுத்த நான்கு படத்துக்கும், பிக்சலைத் திருப்பாமல் சேமிக்கும் போன்களில், முறையே 6, 1, 3, 8 என்று வரும். உங்க போன்ல நாலுக்கும் 1-ன்னு வந்தா குழம்பாதீங்க. அந்த போன் பிக்சலையே திருப்பிச் சேமிக்கிறது என்று அர்த்தம்.

இப்போ அண்ணாவோட கதை புரியுதா? நிமிர்த்திப் பிடித்து எடுத்ததால் 22 பக்கத்துக்கும் குறிப்பு 6. உள்ளே எழுத்துகள் இடதுபக்கம் தலை வைத்துப் படுத்திருந்தன. கேலரி குறிப்பைப் படித்தது, திருப்பிக் காட்டியது. பிடிஎஃப் செய்த ஆப் குறிப்பைப் படிக்கவில்லை, பிக்சலை மட்டும் எடுத்துக்கொண்டது. பிடிஎஃப்பைத் திறந்து பார்க்க அண்ணாவுக்கு நேரமும் இல்லை.

இதே தவறு பழைய மென்பொருள்களில் சர்வசாதாரணம். விண்டோஸ் 7-ன் ஃபோட்டோ வியூவர் இந்தக் குறிப்பைக் கண்டுகொள்ளாது. வலைப்பக்கத்தில் போடும் படங்களை குறிப்பைப் பார்த்துத் தானாகத் திருப்பிக் காட்டும் வழக்கம் குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் 2020-ல்தான் இயல்பானது.

மேசை மேல் இருக்கும் நோட்டு ஏன் ஏமாற்றுகிறது?

இன்னொரு வகை உண்டு. போனிலேயே படம் படுத்துக்கொண்டு தெரியும். நோட்ஸ், லேப் ரெக்கார்டு எடுக்கும்போதுதான் இது அதிகம். காரணம் நம்ம முதல் வருஷ ஃபிசிக்ஸ்தான்.

போன் தன் நிலையை முடுக்கமானி வழியாகக் கண்டுபிடிக்கிறது. அசையாமல் இருக்கும்போது அது அளப்பது புவியீர்ப்பின் 9.8 மட்டும். போன் நிமிர்ந்திருந்தால் அந்த 9.8 முழுதும் நீளவாட்டு அச்சில் விழும். படுக்க வைத்தால் குறுக்கு அச்சில் விழும். இந்த இரண்டையும் ஒப்பிட்டால் எது மேல் என்று தெரிந்துவிடும்.

மேசைமேல் நோட்டை வைத்து நேர் மேலிருந்து எடுக்கும்போது போன் தரைக்கு இணையாக இருக்கிறது. 9.8 முழுதும் திரைக்குச் செங்குத்தான மூன்றாவது அச்சுக்குப் போய்விடும். மற்ற இரண்டிலும் ஏறக்குறைய பூஜ்யம். போனை 10 டிகிரி சாய்த்தால் 1.7 அளவுக்காவது கிடைக்கும். 2 டிகிரி என்றால் 0.34 தான், கை நடுக்கத்திலேயே அது அடிபட்டுப் போகும். தகவலே இல்லாதபோது கேமரா என்ன செய்யும்? பொதுவாகக் கடைசியாகத் தெரிந்த நிலையையே பிடித்துக்கொள்ளும்.

அதனால் தீர்வும் எளிது. முதலில் போனை நன்றாக நிமிர்த்திப் பிடியுங்கள். பிறகு மெதுவாக நோட்டுக்கு மேல் கொண்டுவந்து சாயுங்கள். திரையில் இருக்கும் ஃப்ளாஷ், டைமர் ஐகான்களைக் கவனியுங்கள். பெரும்பாலான கேமரா ஆப்களில் அவை போனின் நிலைக்கேற்பத் திரும்பும். ஐகான் நேரா இருந்தா படமும் நேரா வரும். ஐகான் படுத்திருந்தா க்ளிக் பண்ணாதீங்க, போனை ஒருதரம் நிமிர்த்திட்டு வாங்க.

எடுத்தாச்சு, இப்போ எப்படி சரிபண்றது?

போனிலேயே: படத்தைத் திறந்து எடிட், க்ராப் போய் ரொட்டேட் குறியைத் தட்டிச் சேமியுங்கள். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சில ஆப்கள் பிக்சலைத் திருப்பாமல் குறிப்பை மட்டும் மாற்றும். குறிப்பைப் படிக்காத மென்பொருளில் அப்போதும் பிரச்சினை தீராது. எனவே ரொட்டேட் செய்யும்போதே ஓரத்தில் துளி க்ராப்பும் செய்யுங்கள். பெரும்பாலான ஆப்கள் அப்போது படத்தைப் புதிதாக எழுத வேண்டியிருக்கும், பிக்சலும் திரும்பிவிடும்.

அவசரத்துக்கு: ஸ்கிரீன்ஷாட். திரையில் தெரிவதே பிக்சலாக மாறுவதால் திசைப் பிரச்சினை வராது. ஆனால் 3000 பிக்சல் அகலப் படம் திரையின் அகலத்துக்கு, உதாரணமாக 1080-க்கு, இறங்கிவிடும். பென்சில் எழுத்தும் சின்ன வரைபடமும் மங்கிப்போகலாம். வேற வழியே இல்லைன்னா மட்டும் செய்யுங்க.

கம்ப்யூட்டரில்: இமேஜ்மேஜிக் என்ற இலவச மென்பொருளில் 'ஆட்டோ ஓரியன்ட்' என்ற விருப்பம் குறிப்பைப் படித்து, பிக்சலைத் திருப்பி, குறிப்பை 1 ஆக்கிவிடும். ஒரு ஃபோல்டர் முழுக்க ஒரே கட்டளையில் முடியும். குறிப்பில் என்ன எண் இருக்கிறது என்று பார்க்க மட்டும் எக்ஸிஃப்டூல் போதும்.

பிக்சலைத் திருப்புவதும் குறிப்பை 1 ஆக்குவதும் சேர்ந்தே நடக்க வேண்டும். பிக்சலை நேராக்கிவிட்டு 6-ஐ அப்படியே விட்டால், கேலரி இன்னொரு முறை திருப்பும். முன்பு இடதுபக்கம் தலை வைத்துப் படுத்திருந்த எழுத்து இப்போது வலதுபக்கம் தலை வைத்துப் படுக்கும்.

அதேபோல் ஜிபிஎஸ் தகவல் வெளியே போகக்கூடாது என்று எக்ஸிஃப் முழுவதையும் அழிப்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் அழிப்பதற்கு முன் பிக்சலைத் திருப்பிவிடுங்கள். இல்லையென்றால் திசைக் குறிப்பும் சேர்ந்தே போய், படம் நிரந்தரமாகப் படுத்துவிடும்.

தரம் குறையாமல் திருப்ப முடியுமா?

ஜேபெக் படத்தை விரித்து, திருப்பி, மறுபடியும் சுருக்கினால் கொஞ்சம் தரம் குறையும். ஆனால் ஜேபெக் படம் 8 × 8 பிக்சல் கட்டங்களாகச் சுருக்கப்படுகிறது. விரிக்காமலேயே ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் உள்ள எண்களை நிரையை நிரலாக மாற்றி, சிலவற்றின் குறியை மாற்றி, கட்டங்களையும் இடம் மாற்றினால் இழப்பே இல்லாமல் திருப்பலாம். ஜேபெக்ட்ரான் என்ற கருவி செய்வது இதுதான்.

ஒரே நிபந்தனை, ஓரங்களில் அரைகுறைக் கட்டம் இருக்கக்கூடாது. வண்ணத் தகவலைப் பாதியாகக் குறைத்துச் சேமிக்கும் வழக்கமான முறையில் அலகு 16 × 16. 4032 × 3024 படத்தில் இரண்டுமே 16-ஆல் வகுபடும் (252, 189), பிரச்சினை இல்லை. 4000 × 3000 படத்தில் 3000-ஐ வகுத்தால் 8 மீதி. அந்த 8 பிக்சல் பட்டையை வெட்டிவிட வேண்டும், அல்லது ஓரம் தப்பாக வரும்.

ப்ராஜெக்ட் செய்பவர்கள் கவனத்துக்கு

இலை நோய், நம்பர் பிளேட் என்று போனில் படம் எடுத்து மாடல் பயிற்றுவிக்கும் டீம்கள் இதைக் கண்டிப்பாகப் படியுங்கள். பைதானின் பில்லோ நூலகம் படத்தைத் திறக்கும்போது தானாகத் திருப்பாது. ஓப்பன்சிவியின் ஐஎம்ரீட் சாதாரணமாகத் திருப்பியே கொடுக்கும், ஆனால் 'அன்சேஞ்ச்டு' என்ற தேர்வைப் போட்டால் திருப்பாது. இப்போது யோசியுங்கள்: பெட்டி வரையும் கருவியில் படம் நேராகத் தெரிந்தது, நீங்கள் நம்பர் பிளேட்டைச் சுற்றிச் சரியாகப் பெட்டி போட்டீர்கள். பயிற்சிக்கு பில்லோ வழியாகப் படம் படுத்தே போகிறது. பெட்டி வேறெங்கோ விழும். எந்த எரரும் வராது. துல்லியம் மட்டும் ஏறாது. நீங்க மாடலை மாத்தி மாத்திப் பார்த்துட்டே இருப்பீங்க.

பில்லோவில் இதற்கென்றே 'எக்ஸிஃப் டிரான்ஸ்போஸ்' என்ற செயற்கூறு உண்டு. படங்கள் சேர்ந்ததும், பெட்டி வரைவதற்கு முன்பே, எல்லாவற்றையும் ஒருமுறை அதில் ஓட்டிச் சேமித்துவிடுங்கள்.

ஏற்கெனவே படுத்த படத்தில் பெட்டி போட்டாயிற்று என்றால் கணக்காலும் மாற்றலாம். உயரம் H என்றால், வலஞ்சுழியாக 90 டிகிரி திருப்பும்போது (x, y) என்ற புள்ளி (H − 1 − y, x) என்ற இடத்துக்குப் போகும். இன்டர்வியூவில் கேட்கும் "மேட்ரிக்ஸைத் திருப்பு" கேள்வியும் இதேதான்: நிரை நிரல் மாற்று, பிறகு ஒவ்வொரு நிரையையும் பின்னிருந்து முன்னாக எழுது.

ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

கேலரியில் நேராக இருப்பதை நம்பாதீர்கள். கடைசியாக உருவான பிடிஎஃப்பையே திறந்து பாருங்கள். முடிந்தால் வேறொரு ஆப்பிலோ நண்பனின் போனிலோ திறந்து பாருங்கள். பிடிஎஃப் படிக்கும் மென்பொருளில் 'ரொட்டேட் வியூ' போட்டால் உங்கள் திரையில் மட்டும்தான் திரும்பும், கோப்பு மாறாது. பக்கத்தையே திருப்பிச் சேமிக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

அண்ணா இப்போ வேலைக்குப் போயிட்டாரு. இன்னும் எதை அனுப்பினாலும், பக்கத்துல இருக்கறவங்க போன்ல ஒருதரம் திறந்து பார்த்துட்டுதான் அனுப்புவாராம். நீங்க இன்னிக்கே அந்த 'த' சோதனையைச் செஞ்சு பாருங்க. உங்க போன்ல 6, 1, 3, 8 வருதா, இல்ல நாலும் 1-ஆ? அடுத்த முறை அசைன்மென்ட் ஏத்தும்போது அது தெரிஞ்சிருந்தா நல்லது.