அடுக்களைச் சிக்கனமும் அதன் எல்லைகளும்

பேரங்காடித் தட்டுகளில் ஒட்டப்பட்டுள்ள விலைச்சீட்டில் பெரிய எழுத்தில் ஒரு விலையும் அதன் ஓரத்தில் சிறிய எழுத்தில் மற்றொரு விலையும் அச்சிடப்பட்டிருக்கும். இல்லம் நடத்துவோருக்குப் பெரிதும் பயன்படுவது இரண்டாவது விலையே. 100 கிராமுக்கு, ஒரு கிலோவுக்கு, ஒரு லீற்றருக்கு என அலகு ஒன்றின் விலையை அது கூறுகிறது. அவுஸ்திரேலியாவின் பெரிய மளிகை அங்காடிகள் இவ்வலகு விலையைக் காட்சிப்படுத்த வேண்டும் என்று 2009ஆம் ஆண்டு முதல் சட்டம் பணிக்கிறது. பெரிய பொதி எப்போதும் மலிவானது என்ற நம்பிக்கையை இந்தச் சிறிய எழுத்து பல வேளைகளில் பொய்யாக்கிவிடும். ஒரு கிலோப் பருப்பு 4 டொலர் 50 சதத்துக்கும் இரண்டு கிலோப் பொதி 9 டொலர் 60 சதத்துக்கும் விற்கப்படுமாயின், பெரிய பொதியை வாங்குபவர் கிலோ ஒன்றுக்கு 30 சதம் கூடுதலாகக் கொடுக்கிறார். சிறிய கடைகளை இவ்விதி கட்டுப்படுத்தாது. ஆகவே நம்மவர் மளிகைக் கடைகளில் இக்கணக்கை வாங்குவோர் தாமே போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பொதிகளின் மீதுள்ள திகதியும் அவ்வாறே கூர்ந்து நோக்கத்தக்கது. 'யூஸ் பை' என்பதும் 'பெஸ்ட் பிஃபோர்' என்பதும் சட்டத்தின் கண்ணில் இருவேறு பொருள் உடையவை. இரண்டையும் 'காலாவதித் திகதி' என்ற ஒரே சொல்லால் தமிழில் வழங்கிவிடுவதால் நல்ல உணவு குப்பைக்குப் போவதும், கெட்ட உணவு வயிற்றுக்குப் போவதும் நிகழ்கின்றன. 'யூஸ் பை' என்பது பாதுகாப்பு பற்றிய எல்லை. அத்திகதி கடந்த உணவை விற்கவும் கூடாது, உண்ணவும் கூடாது. 'பெஸ்ட் பிஃபோர்' என்பது தரத்தை மட்டுமே குறிக்கிறது. அத்திகதிக்குப் பின் சுவையோ மொறுமொறுப்போ சற்றுக் குறையலாம்; உண்ணத்தக்க நிலையில் இருக்கும்வரை அவ்வுணவை விற்பதற்கும் தடையில்லை. உலர்ந்த பருப்பு, அரிசி, ரவை போன்றவற்றில் பெரும்பாலும் இரண்டாவது வகைத் திகதியே காணப்படும். அவை விலை குறைத்து விற்கப்படும்போது, பொதி பழுதில்லாமலும் வண்டு பிடிக்காமலும் இருப்பின், தயக்கமின்றி வாங்கலாம்.

மீந்த சோற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டியுள்ளது. அரிசியில் இயல்பாகவே காணப்படும் ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் கொதிநீரிலும் அழிவதில்லை. வெந்த சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி, நஞ்சு ஒன்றை உண்டாக்குகின்றன. அந்நஞ்சு, சோற்றை மீண்டும் சூடாக்கினாலும் அகல்வதில்லை. 'நன்றாகச் சுடவைத்துவிட்டோமே' என்ற ஆறுதல் இங்கு செல்லாது. 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகை செல்சியசுக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் உணவு மொத்தமாக எத்தனை நேரம் இருந்தது என்பதே இந்நாட்டில் கைக்கொள்ளப்படும் அளவுகோல். இரண்டு மணிநேரத்துக்குக் குறைவாயின் குளிர்பதனப் பெட்டியில் வைத்துப் பின்னர் பயன்படுத்தலாம். இரண்டு முதல் நான்கு மணிநேரமாயின் உடனே உண்டுவிட வேண்டும். நான்கு மணிநேரத்தைக் கடந்துவிட்டால் எறிந்துவிட வேண்டும். ஆழமான பானையில் சோறு ஆறுவதற்கு நேரம் பிடிக்கும். அகன்ற தட்டில் மெல்லியதாகப் பரப்பினால் விரைவில் ஆறிவிடும். பிறகு மூடிய பாத்திரத்தில் குளிர்பதனப் பெட்டிக்கு மாற்றி, மறுநாள் புளிச்சோறாகவோ தயிர்ச்சோறாகவோ ஆக்கலாம். பழஞ்சோறு உண்டு வளர்ந்தோருக்கு இவ்விதி கடுமையாகத் தோன்றக்கூடும். எனினும் குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோர், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோர் ஆகியோருக்குப் பழஞ்சோறு கொடாதிருத்தலே தக்கது.

மலிவாகவும் சத்தாகவும் உண்ண விரும்பும் குடும்பத்துக்கு உலர்ந்த பயறுகளை விஞ்சிய பொருள் இல்லை. 100 கிராம் உலர்ந்த கடலை வெந்தபின், தகரத்தில் அடைத்து விற்கப்படும் 400 கிராம் கடலையில் நீரை வடித்தால் எஞ்சும் அளவுக்கு ஏறத்தாழ நிகராகிறது. இரவில் ஊறவைத்து, காலையில் அமுக்கக் குக்கரில் வேகவைத்து, ஒரு வேளைக்குப் போதுமான பங்குகளாகப் பிரித்து உறைபெட்டியில் வைத்துக்கொண்டால் வாரம் முழுவதும் சுண்டலுக்கும் கறிக்கும் பயன்படும். (இந்தியத் தமிழர் தட்டைப்பயறு என்பதும் இலங்கைத் தமிழர் கௌபி என்பதும் ஒன்றே, கடைக்காரரிடம் எப்பெயரால் கேட்டாலும் கிடைக்கும்.) ஆயினும் ராஜ்மா எனப்படும் சிவப்பு அவரைவிதைக்கு மட்டும் தனி விதி உண்டு. நன்கு வேகாத ராஜ்மாவில் உள்ள ஒருவகைப் புரதம் கடுமையான வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். அதனை ஐந்து மணிநேரத்துக்குக் குறையாமல் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவெனக் கொதிக்கவிட வேண்டும். மின்செலவு குறைவு என்பதற்காக மெதுவடுப்புப் பாத்திரத்தில் ஊறவைத்த ராஜ்மாவை நேரே இட்டு வேகவைப்பது கூடாது. அதன் வெப்பம் அப்புரதத்தை அழிக்கப் போதாது. சில வேளைகளில் தீங்கை மிகுவிக்கவும் செய்யும். முதலில் அடுப்பில் கொதிக்கவைத்த பின்னர் மெதுவடுப்புக்கு மாற்றலாம்.

தோசைமாவைக் கடையில் வாங்குவதற்குக் காரணமாகப் பலர் கூறுவது குளிர்காலம். யூன், யூலை மாதச் சிட்னி இரவில் மாவு பொங்காது என்பது உண்மையே. ஆனால் அரைத்த மாவை மின்னடுப்பின் உள்ளே வைத்து, அடுப்பைச் சூடாக்காமல் அதன் விளக்கை மட்டும் எரியவிட்டால், அவ்விளக்கின் இளஞ்சூடு பெரும்பாலும் போதும். நான்கு பங்கு புழுங்கலரிசிக்கு ஒரு பங்கு உளுந்தும் ஒரு தேக்கரண்டி வெந்தயமும் சேர்த்து அரைத்தால் நான்கு பேருள்ள குடும்பத்துக்குச் சில நாள் காலையுணவு ஆகிவிடும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் மாவு ஊற்றாதிருப்பது நலம். மின்னடுப்பின் அடித்தட்டில் வழிந்து காய்ந்த மாவைச் சுரண்டியவர்கள் இதன் காரணத்தை அறிவார்கள்.

வீட்டுத் துப்புரவுப் பொருட்களில் நான்கு மட்டுமே இருந்தாலும் பெரும்பாலான வேலைகள் முடிந்துவிடும்: வெள்ளை வினாகிரி, அப்பச்சோடா, பாத்திரம் கழுவும் திரவம், தேசிக்காய் அல்லது புளி. கேத்தலின் அடியில் படிந்த வெண்படிவத்தை, வினாகிரியும் நீரும் சமமாகக் கலந்து கொதிக்கவைத்து அரைமணிநேரம் விட்டால் அகற்றலாம். குத்துவிளக்கின் களிம்பைப் புளி நீக்கும். பின்னர் நன்றாகக் கழுவி ஈரம் போகத் துடைக்காவிட்டால் விரைவில் மீண்டும் கறுக்கும். அடிபிடித்த சட்டிக்கு அப்பச்சோடாவைச் சிறிது நீரில் குழைத்துப் பூசி ஊறவிடலாம்; அலுமினியச் சட்டியாயின் அது நிறம் மங்கச் செய்யும். சலவைக்கல் மேடையில் வினாகிரியோ தேசிக்காயோ படக்கூடாது. அமிலம் கல்லை அரித்துத் தழும்பாக்கிவிடும்.

வினாகிரியையும் அப்பச்சோடாவையும் ஒன்றாகக் கலந்தால் இருமடங்கு பயன் கிட்டும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துவிடுவதால், நுரை அடங்கியதும் பெரும்பாலும் உப்புக் கலந்த நீரே மிஞ்சும். நுரைப்பது கண்ணுக்கு அழகு, அழுக்குக்கு அதனால் பெரிய இடையூறு இல்லை. இதில் பொருள் நட்டம் மட்டுமே. ஆனால் வினாகிரியையோ அமிலம் கலந்த கழிப்பறைத் திரவத்தையோ ப்ளீச்சுடன் கலப்பது உயிருக்கே இடர் தருவது. அக்கலவையிலிருந்து குளோரின் வாயு கிளம்பி மூச்சுக்குழாயைத் தாக்கும். அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானுடன் ப்ளீச் சேர்ந்தாலும் நச்சு வாயு உண்டாகும். பொங்கலுக்கு வீடு கழுவும் நாளில், சன்னல் இல்லாத சிறு குளியலறையில், ஒன்றன்மேல் ஒன்றாகப் பல திரவங்களை ஊற்றித் தேய்க்கும் வழக்கம் கைவிடத்தக்கது. ஒருவேளை அவ்வாறு நேர்ந்துவிட்டால் அறையைவிட்டு உடனே வெளியேறித் தூய காற்றை அடைய வேண்டும்.

மற்றோர் எல்லையும் உண்டு. வினாகிரி அழுக்கை நீக்கும்; கிருமிநாசினிக்கு ஈடாகாது. வீட்டில் ஒருவருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு கண்டபின் தரையையும் கழிப்பறையையும் துடைக்க, முதலில் சவர்க்கார நீரால் கழுவிவிட்டு, ப்ளீச்சை அதன் சிட்டையில் கூறியுள்ள அளவில் நீர் கலந்து பயன்படுத்துவதே முறை.

சவர்க்காரத்தையும் வீட்டிலேயே காய்ச்சலாம் எனச் சிலர் முனைகின்றனர். அதற்கு வேண்டிய காஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் நொடியில் புண்ணாக்கும். அலுமினியப் பாத்திரத்தில் பட்டால் எரியக்கூடிய வாயுவைக் கிளப்பும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில், மிச்சமாகும் சில டொலருக்காக இவ்விடரை ஏற்பது சிக்கனமாகாது.

வீட்டுக்கென்று செய்வதும் விற்பதற்கென்று செய்வதும் சட்டத்தில் ஒன்றல்ல. தோசைமாவையோ ஊறுகாயையோ பலகாரத்தையோ அயலவருக்கு விலைக்குக் கொடுப்பவர், அடுக்களை தம்முடையதாயினும், நியூ சவுத் வேல்சின் 2003ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின்கீழ் உணவு வணிகராகவே கருதப்படுவார். தொழிலைத் தொடங்குமுன் தம் பகுதி மாநகர சபைக்கு அறிவித்தல் அவர் கடமை. சவர்க்காரம் காய்ச்சி விற்போர் இரசாயனப் பொருள் உற்பத்தியாளராகக் கூட்டாட்சி அரசின் தொழிற்துறை இரசாயனத் திட்டத்தில் பதிந்துகொள்ள வேண்டும். உட்பொருட்களின் பட்டியலைச் சிட்டையில் அச்சிடவும் வேண்டும். நண்பர் வட்டத்துக்குள் மட்டுமே விற்பதாகச் சொல்வது இக்கடமைகளிலிருந்து விலக்களிக்காது.

வீட்டில் கலந்த எத்திரவத்தையும் குடிநீர்ப் போத்தலிலோ பழரசப் போத்தலிலோ ஊற்றி வைக்கலாகாது. போத்தலின் மீது பொருளின் பெயரையும் கலந்த திகதியையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, குழந்தைகளின் கைக்கெட்டாத உயரத்தில் வைத்தல் வேண்டும். யாரேனும் தவறுதலாக அருந்திவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யக்கூடாது. போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு நஞ்சுத் தகவல் நிலையத்தை 13 11 26 என்ற எண்ணில், இரவு பகல் எந்நேரமும், அழைக்கலாம். மூச்சுத் திணறலோ மயக்கமோ காணப்பட்டால் 000. ஆங்கிலத்தில் பேச இயலாதோர் 131 450 என்ற எண்ணில் மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்து, 'தமிழ்' என்று கூறி, நஞ்சுத் தகவல் நிலையத்துடன் இணைக்குமாறு கேட்கலாம்.