காவலரும் சிறுநீரகமும்

நம் நாட்டின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை 1971-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நடைபெற்றது. பிறர் தந்த சிறுநீரகத்தை நம் இரத்தத்திலுள்ள டி செல்கள் அந்நியப் பொருளென்று தாக்கும். அதைத் தடுக்க நோயாளி நாள்தோறும் மருந்து உண்ண வேண்டும்.

ஆனால் வைரஸை அடக்கிவைக்கும் காவலரும் அதே டி செல்கள்தாமே! அவை தளர்ந்ததும், நம்மில் பலரது உடலில் உறங்கிக்கிடக்கும் சைட்டோமெகலோ வைரஸ் விழித்தெழுந்து நுரையீரலையும் குடலையும் தாக்கலாம். மருந்து குறைந்தால் சிறுநீரகத்திற்கு ஆபத்து; மிகுந்தால் வைரஸ் பெருகும். ஆகவே, பேச்சிப்பாறை அணையின் மதகை அளவறிந்து திறப்பதுபோல், மருத்துவர் இரத்தத்தைச் சோதித்து மருந்தைக் கூட்டிக் குறைக்கிறார். நோயாளி தாமாக அதை நிறுத்தலாகாது.

நம் திருவட்டாற்றில் அத்தகையவர் அண்டை வீட்டிலிருந்தால் நம் கடமை யாது? சளி, காய்ச்சல் உள்ளபோது அவரைக் காணச் செல்லாதிருப்போம். தளர்ந்த காவலருக்கு நாமே துணைக்காவலராவோம்!