எல்.கே.ஜி.க்கு முன் எழுத்துப் பயிற்சி தேவையா?

எங்கள் மகளுக்கு மூன்றரை வயது. ஜூனில் எல்.கே.ஜி. சேர்க்கப்போகிறோம். இப்போதே அ, ஆ எழுதப் பழக்க வேண்டுமா? – வாசகி, தஞ்சாவூர்

எழுத்துக்கு அவசரமே இல்லை. மூன்றரை வயதில் மணிக்கட்டின் சிறு எலும்புகள்கூட முழுதாக உருவாகியிருக்காது. பென்சிலை அழுத்திப் பிடித்து எழுதினால் கை சீக்கிரம் வலிக்கும். சப்பாத்தி மாவு உருட்டுவதும் பட்டாணி உரிப்பதும் அந்த விரல்களுக்கு இன்னும் நல்ல பயிற்சி.

முதல் வாரங்களில் உண்மையில் கைகொடுப்பவை வேறு. "மிஸ், ஒண்ணுக்கு வருது" என்று கூச்சமில்லாமல் சொல்வது, ஜட்டியைத் தானே இறக்கி ஏற்றுவது, டிபன் பாக்ஸைத் திறப்பது. இறுக்கமான எவர்சில்வர் மூடி பிஞ்சு விரலுக்கு மசியாது; திறக்க முடியாமல் பசியோடு திரும்பும் குழந்தைகள் உண்டு. பள்ளிக்குக் கொண்டுபோகப்போகும் அதே டப்பாவில் மே மாதம் முழுக்க வீட்டிலேயே சாப்பிட வைத்தால் இது தீரும். தூங்கி எழும் நேரத்தையும் அப்போதே மாற்றிவிடலாம்.

முதல் நாள் அழுகை இயல்பு. குழந்தை பார்க்காதபோது நழுவுவதுதான் தவறு. மறுநாள் அது கையை விடவே விடாது. "சாப்பிட்டு, விளையாடி முடிச்சதும் அம்மா வந்துடுவேன்" என்று சொல்லி, டாட்டா காட்டி, தயங்காமல் கிளம்ப வேண்டும். சொன்ன நேரத்துக்கு வாசலில் நிற்கவும் வேண்டும்.